அக்கா ரிப்போர்ட்டும் தங்கச்சி ரிப்போர்ட்டும்

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்க ஊர் முக்கூடல் பக்கம். எனக்கு 47 வயசு. பீடி சுத்துறேன், வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார். மூத்தவளுக்கு 26 வயசு. தென்காசிப் பக்கம் கட்டிக் கொடுத்து ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் தங்கல. கல்யாணத்துக்கு முன்னயே அவளுக்கு ரெண்டு மாசம், மூணு மாசத்துக்கு ஒருக்காதான் தூரம் வரும். தாடையில முடி வளருது, பார்லர்ல போய் எடுத்துட்டு வாரா. கழுத்துக்குப் பின்னால அழுக்கு மாதிரி கறுப்பு, தேய்ச்சாலும் போகல. 155 செ.மீ. உயரம், 71 கிலோ இருக்கா. அவ மாமியார் டெஸ்ட் டியூப் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்னு நிக்காங்க. இது பொண்ணு வீட்டு வழியில வந்த சீக்குன்னு பேச்சு வேற.

சின்னவள் பத்தாவது படிக்கா. ஏழாங்கிளாஸ் முழுப்பரீட்சை லீவுல சடங்கானா. இப்பவும் மாசாமாசம் சரியா வரமாட்டேங்கு. நாப்பது நாளு, சமயத்துல ஒன்றரை மாசம் ஆகுது. நெத்தியில பருவும் இருக்கு. அக்காளுக்கு இருக்கது இவளுக்கும் வந்துரக்கூடாதேன்னு ஸ்கேன் எடுத்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி, ரெண்டு பக்கமும் நீர்க்கட்டின்னு எழுதியிருக்கு. கட்டின்னா கேன்சராம்மான்னு கேட்டு ராத்திரி அழுதா. 21 நாள் மாத்திரை கொடுத்தாங்க. மெடிக்கல்ல அது கருத்தடை மாத்திரைன்னு சொல்லவும் எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. பதினெட்டு முடிஞ்சதும் கட்டிக் கொடுத்துரு, கர்ப்பப்பை கெட்டுப் போறதுக்குள்ளங்கா அவ அத்தை. பையன் போனைப் பாத்துட்டு மலேரியா மருந்துல சரியாகுதாம்ங்கான். ரெண்டு பிள்ளைகளையும் நான் என்ன செய்யட்டும்? எனக்கும் அந்தக் காலத்துல மாசாமாசம் வராது, யாரு கேட்டா."

அம்மா, இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் பார்த்தேன். வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கிறது. ஆனாலும் உங்கள் பெண்கள் இருவருக்கும் நான் சொல்லப் போவது வேறு வேறு. மூத்தவளுக்கு பி.சி.ஓ.எஸ்., அதாவது ஹார்மோன் கோளாறால் கருமுட்டை மாதாமாதம் வெளிவராமல் தடைபடும் நிலை, இருப்பதற்கான அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றன. அதைச் சொல்ல எனக்கு அந்த ஸ்கேன் தேவைப்படவே இல்லை, உங்கள் கடிதத்தின் நாலு வரியே போதும். சின்னவளுக்கு அது இருப்பதாக இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. இந்த வயதில் இதற்காக அவளுக்கு ஸ்கேன் எடுத்திருக்கவே வேண்டாம்.

முதலில் அந்தப் பிள்ளையின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். சூலகத்தில், அதாவது கருமுட்டைகள் இருக்கும் ஓவரியில், மாதந்தோறும் சிறுசிறு பைகள் பல ஒன்றாக வளரத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கருமுட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் நீர். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கி மறைந்துவிடும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு வளரத் தொடங்கும் பைகள் அதிகம். ஆனால் 9 மில்லிமீட்டரைத் தாண்டாமலே நின்றுவிடும். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் பயிரைப் போல, முளைத்தது நிறைய, கதிர் வாங்க ஒன்றுகூட முந்துவதில்லை. ஸ்கேனில் வட்ட வட்டமாகக் கறுப்பாகத் தெரிவது இந்தப் பைகள்தான். இவை புற்றுநோயும் அல்ல, வெட்டி எடுக்க வேண்டிய கட்டியும் அல்ல. பதினைந்து வயதில், வளர்ந்துகொண்டிருக்கும் சூலகத்தில் இப்படிப் பைகள் நிறைந்திருப்பது இயல்பு. இதை நீங்கள் கேட்டு அவளிடம் போய்ச் சொல்வதைவிட, இந்தப் பத்தியை அவளையே படிக்கச் சொல்லுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இது புரியும்.

அப்படியானால் அந்த வரியை ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஸ்கேன் எடுப்பவர் கண்ணில் பட்டதை எழுதுகிறார். அதை நோயின் பெயராக வாசிப்பதில்தான் கோளாறு. இந்தப் பழக்கத்துக்கு வயது தொண்ணூறு ஆகிறது. 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், சூலகம் பெருத்தவர்கள். சூலகத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்து எடுத்ததும் மாதவிடாய் திரும்பியது. அன்று முதல் எல்லோருடைய பார்வையும் சூலகத்தின் தோற்றத்திலேயே நிலைகுத்திவிட்டது. ஸ்கேன் புழக்கத்துக்கு வந்த பிறகு, 1988-இல், தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றிருந்த பெண்களுக்கு லண்டனில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் அதே தோற்றம் இருந்தது. தோற்றம் மட்டுமே நோயாகாது என்ற எண்ணம் அதற்குப் பின்னால்தான் வலுத்தது.

2003-இல் ராட்டர்டாம் நகரில் நிபுணர்கள் கூடி ஒரு கணக்கு வகுத்தார்கள். மாதவிடாய் ஒழுங்கு தவறுவது ஒன்று. ஆண் ஹார்மோன் கூடியிருப்பது, உடம்பில் அடையாளமாகவோ ரத்தப் பரிசோதனையிலோ தெரிவது இரண்டு. ஸ்கேனில் அந்தத் தோற்றம் மூன்று. மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், அட்ரினல் சுரப்பிக் கோளாறு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் உறுதியானால் பி.சி.ஓ.எஸ். அப்போது ஒரு சூலகத்தில் 12 பைகள் இருந்தாலே அந்தத் தோற்றம் என்று வைத்தார்கள். பிறகு ஸ்கேன் மெஷின்கள் கூர்மையாகிக்கொண்டே வந்தன. முன்பு கண்ணுக்குச் சிக்காத பைகளெல்லாம் சிக்கின. சூலகம் மாறவில்லை, மெஷின்தான் மாறியது, நோயாளிகள் மட்டும் கூடிவிட்டார்கள். அதனால் இப்போது 20 பைகள் என்று உயர்த்தியிருக்கிறார்கள்.

அளவுகோல் மாறினால் எண்ணிக்கை எப்படி மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் 18 முதல் 40 வயது வரையான 9,824 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. மாதவிடாய்க் கோளாறும் ஆண் ஹார்மோன் அடையாளமும் இரண்டுமே இருக்க வேண்டும் என்ற பழைய அமெரிக்கக் கணக்கின்படி நூற்றுக்கு 7.2 பேருக்கு பி.சி.ஓ.எஸ். ராட்டர்டாம் கணக்கின்படி அதே பெண்களில் நூற்றுக்கு 19.6 பேருக்கு. அதே பெண்கள், அதே உடம்பு. ஒரு ஸ்கேன் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வீடே இடிந்துபோய் உட்காரும்போது இந்த இரண்டு எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி சின்னவள். 2023-இல் திருத்தி வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி நெறி இதில் பூசி மெழுகவில்லை: முதல் மாதவிடாய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம். ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் அந்த வயதில் வேண்டாம். உங்கள் பிள்ளை பன்னிரண்டில் ஆளானவள் என்றால் இருபது வயதுவரை ஸ்கேன் பேச்சே இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு என்ற கணக்கும் கிடையாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடுதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து மேலே வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் படத்தில் பைகளை எண்ணுவது நம்பத்தக்க வேலையே அல்ல.

அவளுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியிருக்கிறதா? நமக்குத்தான் 28 நாள், 30 நாள் என்று மனதில் ஒரு காலண்டர் தொங்குகிறது. முதல் ஒரு வருடம் எப்படி வந்தாலும் சரிதான். மூளையும் சூலகமும் பேசிப் பழக நாள் எடுக்கும். ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இயல்பு. மூன்று வருடத்துக்குப் பிறகுதான் 21 முதல் 35 நாள் என்று இறுக்கிப் பார்க்க வேண்டும். சின்னவளுக்கு மூன்று வருடம் இன்னும் நிறையவில்லை. நாற்பது நாளும் ஒன்றரை மாதமும் அவளுக்கு வரம்புக்குள்தான் இருக்கின்றன. நெற்றியில் பரு, பதினைந்து வயதில் யாருக்குத்தான் இல்லை? தாடையிலும் மார்பிலும் தடித்த முடி, மருந்துக்கு அடங்காத கடும் பரு, இவைதான் கணக்கில் சேரும்.

ஆகவே அவளுக்கு இப்போது வேண்டியது ஒரு காலண்டர். மாதவிடாய் தொடங்கும் நாளை அவளே வட்டமிடட்டும். மூன்று வருடம் தாண்டிய பிறகும் 35 நாளைத் தாண்டித் தாண்டியே வந்தாலோ, வருடத்துக்கு எட்டு தடவைக்குக் குறைந்தாலோ கூட்டிப் போங்கள். எப்போதாவது ஒரே மூச்சில் 90 நாள் வராமல் இருந்தால் மூன்று வருடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போனாலும், கொஞ்ச மாதத்துக்குள் முகத்தில் முடி திடீரென்று வளர்ந்து குரல் தடித்தாலும் உடனே காட்ட வேண்டும். அக்காவுக்கு இருப்பதால் இவளுக்கும் வர வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல். அதற்குக் கண்காணிப்பு போதும். இல்லாத நோய்க்கு மருந்து வேண்டாம்.

அந்த 21 நாள் மாத்திரையைப் பற்றி. மெடிக்கலில் சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் கலந்த அந்த மாத்திரை கருத்தடைக்கும் உதவும், பி.சி.ஓ.எஸ். உறுதியான பெண்களுக்கு மாதவிடாயை ஒழுங்குபடுத்த, முடி, பருவைக் குறைக்கக் கொடுக்கும் முதல் மருந்தும் அதுதான். கர்ப்பப்பையைக் கெடுக்காது, பின்னால் பிள்ளை பிறப்பதைத் தடுக்காது. கல்யாணமாகாத பிள்ளைக்குக் கொடுத்ததால் அதில் களங்கம் எதுவும் இல்லை. என் ஆட்சேபம் வேறு: இவளுக்கு அது தேவைப்படவில்லை. மாத்திரை போட்டால் மாதாமாதம் ரத்தம் வரும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அவள் உடம்பு தானாக ஒழுங்குக்கு வருகிறதா என்பதைப் பார்க்க முடியாமல் போகும். கையில் இருக்கும் அட்டையை முடித்துவிட்டு, எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், "சடங்காகி மூன்று வருடம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஒளிப்புள்ளிகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவளாக இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலோ காத்திருக்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள்.

அத்தை சொன்னதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கல்யாணம் எந்த ஹார்மோனையும் சரிசெய்யாது. பி.சி.ஓ.எஸ். இருக்கிறவர்களுக்கே கருமுட்டை வற்றிப் போவதில்லை. அவர்களுக்கு முட்டைப் பைகள் மற்றவர்களைவிட அதிகம், வெளியே வருவதில்தான் தடங்கல். சின்னவளுக்கு அதுவும் இல்லை. பதினொன்றாவதில் என்ன குரூப் எடுக்கலாம் என்பதை அத்தை அவளிடம் பேசினால் நன்றாக இருக்கும்.

மூத்தவளுக்கு வருவோம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிடாய், தாடையில் முடி. மூன்றில் இரண்டு ஆயிற்று. தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டால் முடிவு செய்துவிடலாம். கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல. தயவுசெய்து யாரும் அவளைத் தேய்த்துக் குளிக்கச் சொல்ல வேண்டாம். இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த மிகுதியான இன்சுலின் தோலில் போடுகிற கையெழுத்து அது. அதே இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. ஈரல் சுரக்கும் ஒரு புரதம் அந்த ஹார்மோனைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் புரதத்தையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. தாடையில் முடி முளைப்பதும், முட்டைப் பை பாதியில் நின்றுவிடுவதும், இடுப்பில் எடை ஏறுவதும் ஒரே சங்கிலி. "தின்னுட்டு உக்காந்திருக்கா, அதான்" என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஒல்லியான பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வருகிறது.

அதற்காக எடையை விட்டுவிடச் சொல்லவில்லை. 71 கிலோவில் நூற்றுக்கு ஐந்து என்றால் மூன்றரைக் கிலோ. அந்த அளவு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் நெருங்கி வர ஆரம்பிக்கிறது. 71-ஐ 50 ஆக்கினால்தான் பிள்ளை என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். எந்த ஒரு குறிப்பிட்ட உணவு முறையும் மற்றதைவிட மேலானது என்று ஆய்வுகள் காட்டவில்லை. சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காய்கறியும் பயறும் கூட்டுவது, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் மூச்சு வாங்கும்படி நடப்பது, இவ்வளவுதான் தொடக்கம். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தனுப்புகிறீர்கள் என்று தெரியும், நம் ஊரில் கேட்கவா வேண்டும். உளுந்து நல்லது, நல்லெண்ணெயும் கெடுதல் இல்லை. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். அது தேரிக்காட்டுப் பனையிலிருந்து வந்தது என்பது அவளுடைய கணையத்துக்குத் தெரியாது. பிராய்லர் கோழியால்தான் இந்த நோய் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. அந்தக் கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் அதன் இனமும் தீவனமும். ஹார்மோன் ஊசி அல்ல.

டெஸ்ட் டியூப் மருத்துவமனைக்கு முன்னால் ஏறவேண்டிய படிகள் சில இருக்கின்றன. முதல் படியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை: மாப்பிள்ளைக்கு விந்துப் பரிசோதனை செய்தார்களா? பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. செலவு குறைந்த, வலியில்லாத பரிசோதனை. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பது என்ன நியாயம்? சம்பந்தியம்மாவிடம் இதை நீங்கள் சொல்லத் தயங்கினால், டாக்டர் கேட்டார் என்று என் தலையில் போடுங்கள்.

அடுத்தது சர்க்கரை. வெறும் வயிற்றில் ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். அவள் கருவுற்ற பிறகு எப்படியும் பார்ப்பார்கள், பி.சி.ஓ.எஸ். இருப்பவர்கள் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம். இவை எல்லாம் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையிலோ பாளை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ முடியக்கூடிய வேலைகள்.

பிறகுதான் முட்டையை வெளிக்கொண்டுவரும் மருந்து. முன்பு குளோமிஃபின் கொடுத்தோம். இப்போது முதலில் லெட்ரோசோல். அட்டையோடு வரும் தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு மருந்தை வீசிய குடும்பங்கள் உண்டு. அந்த மருந்து உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைச் சில நாட்களுக்குக் குறைக்கிறது. அதைக் கண்ட மூளை, சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டி அனுப்புகிறது. நின்றுபோன பைகளில் ஒன்று முந்துகிறது. மாதத்தில் ஐந்து நாள்தான் மாத்திரை. 2011-இல் இந்திய அரசு இதைக் குழந்தையின்மைச் சிகிச்சைக்குக் கொடுக்கக் கூடாது என்று தடைபோட்டது. 2017-இல் தடையை நீக்கியது. இடையில், 2014-இல், அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் இரண்டு மருந்தையும் ஐந்து மாதவிடாய்ச் சுழற்சி வரை கொடுத்து, பிள்ளை கையில் வரும்வரை பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 27.5 பேர் பிள்ளை பெற்றார்கள், குளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1 பேர். அந்தப் பெண்கள் பெரும்பாலும் உங்கள் மகளைவிட எடை கூடியவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் அது ஐந்து சுழற்சியின் கணக்கு. ஒரு மாதம் மாத்திரை போட்டுவிட்டு, "தங்கலையே" என்று ஆஸ்பத்திரி மாற்றுவது இங்கே சகஜம். அந்த அவசரத்தால் ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

மெட்ஃபார்மின் கொடுத்தால் அதுவும் சர்க்கரை மாத்திரை என்று பயப்பட வேண்டாம். இன்சுலினைச் சரிசெய்ய உதவும். ஆனால் பிள்ளைக்காக அதை மட்டும் நம்புவது போதாது. 2007-இல் 626 பெண்களிடம் நடந்த ஆய்வில் மெட்ஃபார்மினை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 7.2 பேருக்குத்தான் பிள்ளை. குளோமிஃபின் எடுத்தவர்களில் 22.5 பேருக்கு. மாத்திரைகள் பலன் தராவிட்டால் ஊசிகள் இருக்கின்றன, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி இருக்கிறது. டெஸ்ட் டியூப் சிகிச்சை அதற்கும் அப்பால். பைகள் நிறைந்த சூலகத்துக்கு அதில் போடும் ஊசிகளால் அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம். தேவைப்படும்போது அது நல்ல சிகிச்சை; முறைப்படி ஒரு மாத்திரைகூடப் போட்டுப் பார்க்காத 26 வயதுப் பெண்ணுக்கு இன்று அது முதல் படி அல்ல.

ஒரு எச்சரிக்கை. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடக் கூடாது. கர்ப்பப்பையின் உள்தோல் உதிராமல் தடித்துக்கொண்டே போனால் பல வருடங்களில் அங்கே புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். இந்த வயதில் அது மிக அரிது. தடுப்பதும் சுலபம், சில நாட்கள் புரோஜெஸ்டரோன் மாத்திரை போட்டு உதிரச் செய்துவிடலாம். ஆனால் மாத்திரைக்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டு, முழுகாமல் இருப்பது தெரியாமலே இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண் வீட்டு வழி என்ற பேச்சு. 2011-இல் சீனப் பெண்களிடம் நடந்த பெரிய மரபணு ஆய்வும் அதற்குப் பிந்தியவையும் ஒரே மரபணுவைக் காட்டவில்லை. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. அவை அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். யார் வீட்டுச் சீக்கு என்ற வழக்குக்கு இதில் தீர்ப்பு கிடையாது. பேச்சு கேட்டுக் கேட்டு மூத்தவள் மனம் தளர்ந்திருந்தால், தூக்கம் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். கேட்டுத் தெரிந்துகொள்வது மருத்துவரின் கடமை என்றே வழிகாட்டி நெறி சொல்கிறது.

பையன் பார்த்த மலேரியா மருந்துச் செய்தி பொய் அல்ல. 2024-இல் ஷாங்காய் ஆய்வாளர்கள், ஆர்ட்டெமிசினின் வகை மருந்து சூலகத்தில் ஆண் ஹார்மோன் உண்டாவதைக் குறைக்கிறது என்று எலிகளில் கண்டு, பிறகு 19 பெண்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. ஆனால் பத்தொன்பதே பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு கிடையாது, பிள்ளை பிறந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. நல்ல தொடக்கம் என்று ஆய்வாளர்கள் மகிழட்டும். மெடிக்கலில் போய் மலேரியா மாத்திரை வாங்க அது காரணமாகாது. நாட்டு மருந்தாகச் சொல்லும் கழற்சிக்காய்ப் பொடிக்கும் இதையே சொல்வேன். நூற்றுக்கணக்கான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, பிள்ளைப்பேறு வரை பின்தொடர்ந்த ஆய்வு லெட்ரோசோலுக்கு இருப்பதுபோல அதற்கு இல்லை. போனில் விற்கும் பொடிகளில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே வெளிச்சம். முட்டை வெளிவரும் மருந்து எடுக்கும் மாதங்களில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, கடைசி வரியில் உங்களைப் பற்றி எழுதி முடித்துவிட்டீர்களே, அது. நானே கேட்கிறேன். உங்களுக்கும் மாதாமாதம் வராது, மகளுக்கு பி.சி.ஓ.எஸ். அப்படிப்பட்ட தாய்மாருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். 47 வயது, பொழுதெல்லாம் மடியில் தட்டை வைத்துக் குனிந்த முதுகோடு உட்கார்ந்திருக்கும் தொழில். கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்? மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குகிறது. இடையில் விட்டுவிட்டு ரத்தம் பட்டாலோ, நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி பட்டாலோ, மாதவிடாய் திரும்பிவிட்டது என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள், காட்டிவிட வேண்டும். மூத்தவளை அழைத்துக்கொண்டு போகிற அன்று காலையில் நீங்களும் காப்பி குடிக்காமல் கிளம்புங்கள். ஓ.பி.யில் அவளுக்குச் சீட்டு எடுக்கும்போது உங்கள் பேருக்கும் ஒரு சீட்டு எடுத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு வாருங்கள். மாப்பிள்ளை கூட வந்தால் மூன்று சீட்டு.